பதினான்கு மாத முழு வருகை

முதலில் சத்தியம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. முப்பத்துநான்கு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பதிவேட்டில் ஒரு தேதியைத் தப்பாக எழுதியது கிடையாது. ஒரே ஒரு தடவை பிப்ரவரி முப்பது என்று எழுதினேன். அந்த வருஷம் பிப்ரவரிக்கு முப்பது நாள் இருந்தது, ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

பெயர் விநாசித்தம்பி. வயது எழுபத்திரண்டு. துப்பறியும் குணவதிக்கு உதவியாளர், காரோட்டி, ஆள் குறைந்தால் சந்தேக நபர்.

குணவதிக்கு வயது ஐம்பத்தைந்து. இருபத்துமூன்று வருஷம் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில், நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளில் கீறல் தேடியவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே, அடுத்த கட்டடத்தில் ஒரு சில்லு விரிசல் விட்ட சத்தத்தைக் கேட்டு லைனை நிறுத்தச் சொன்னார். நான் சத்தியம் செய்திருக்கிறேன், நினைவிருக்கட்டும். இப்போது பினாங்கில் ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே, டயர் கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஓர் அலுவலகம். என் பெயரில் தம்பி இருப்பதாலும் தலையில் முடி இல்லாததாலும் என்னைத் 'தம்பியய்யா' என்று கூப்பிடுவார்.

மே எட்டாம் தேதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு புஷ்பவள்ளி படியேறி வந்தார். நான் குடியிருக்கும் அதே அடுக்குமாடியில் ஆறாவது மாடிக்காரர். கையில் ஒரு காகிதம். உட்காரக்கூட இல்லை.

"யாருன்னு கண்டுபிடிக்க வேணாம் மேடம். யாருன்னு எனக்குத் தெரியும். சாட்சி மட்டும் பிடிச்சுக் குடுங்க."

"அப்ப உங்களுக்குத் துப்பறியிற ஆள் தேவையில்லை, பிள்ளை," என்றேன். "போட்டோக்காரன்தான் தேவை."

"தம்பியய்யா, வாய்க்கு லீவு குடுங்க," என்றார் குணவதி. "நீங்க உக்காருங்கக்கா. நிதானமா சொல்லுங்க."

புஷ்பவள்ளியின் மகன் தனேஷ். இருபத்துமூன்று வயது. கடற்பாலத்துக்கு அப்பால் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட். திங்கட்கிழமை காலை, இரவு ஷிஃப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கியவன், ஃப்ளாட் அடியில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இன்னும் கண் திறக்கவில்லை.

"டாக்டர் ரத்தத்துல போதை மருந்து இருக்குன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. எம்புள்ள பீர்கூடத் தொடமாட்டான் மேடம்! அவன் விழுந்தப்போ பக்கத்துல நின்னது யாரு? அந்தக் கிஷன். மூணாவது மாடி. அவன் ஏன் அங்க நிக்கணும்?"

"விழுந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?"

"அவன்தான். தப்பு பண்ணவனுக்குத்தானே பயம் வரும்."

கிஷனை எங்கள் ஃப்ளாட்டில் தெரியாதவர் இல்லை. பத்தொன்பது வயதில் போதைப் பழக்கம், பிறகு பிடிபட்டு மறுவாழ்வு மையத்தில் இரண்டு வருஷம். போன நவம்பரில்தான் வெளியே வந்தான். வெளியே என்றால் முழுசாக வெளியே இல்லை. இன்னும் இரண்டு வருஷம் கண்காணிப்பு, மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு புகார் போனால் போதும், மறுபடி உள்ளே.

"பழக்கிவிட்டதே அவன்தான். அந்தச் சிவப்பு மாத்திரைய வேற யாரு குடுத்திருப்பா? ஃப்ளாட்ல முப்பத்தொரு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. சாயங்காலம் நாலரைக்குப் போலீஸ் பாலாய்க்கு வரச் சொல்லிருக்காங்க. சாட்சியும் இருந்தா அவன ரெண்டு வருஷமில்ல, பத்து வருஷம் உள்ள வைக்கலாம்ல?"

குணவதி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கையெழுத்து அழகா இருக்கே. யாரு எழுதிக் குடுத்தது?"

"ஃப்ளாட்ல ஒரு பெரியவரு. கவர்மெண்ட்ல இருந்தவரு," என்ற புஷ்பவள்ளி ஏனோ என் பக்கம் பார்த்தார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"நாலரைக்கு முன்னாடி நான் பாலாய்க்கு வரேன்," என்றார் குணவதி. "நான் வர்ற வரைக்கும் இதக் குடுக்காதீங்க. இப்ப உங்க வீட்டைப் பாக்கணும்."

*

வீட்டுக் கூடத்தில் சாமி படங்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தன. அவற்றின் இடத்தைச் சான்றிதழ்கள் பிடித்திருந்தன. ஒன்றல்ல, பதினான்கு. எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டவை. ஒவ்வொன்றிலும் தனேஷின் பெயர், மாதம், அதற்குக் கீழே தங்க எழுத்தில் 'முழு வருகை'. கடைசியில், தொழிற்சாலை பரிசாகத் தந்த சோறு சமைக்கும் குக்கர், பெட்டி பிரிக்காமல், பூ வைத்து.

"உடம்பு முடியலன்னு ஒருநாள்கூட எம்சி எடுத்ததில்ல," என்றார் புஷ்பவள்ளி. அழுகைக்கு நடுவிலும் குரல் நிமிர்ந்தது. "இந்த ஃப்ளாட்ல எந்த வீட்ல இருக்கு இது?"

"எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது," என்றேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் நான் ஒரு மாதம் முழுக்க அலுவலகம் போனேன். பிறகு அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள்."

குணவதி சிரிக்கவில்லை. சுவரை இடமிருந்து வலமாகப் படித்தார். முதல் சான்றிதழ் போன வருஷம் மார்ச். கடைசி, போன மாதம் ஏப்ரல்.

"தனேஷ் எப்ப வேலைக்குச் சேந்தாரு?"

"போன வருஷம் ஜனவரி. நான் முதுகுவலின்னு டிசம்பர்ல நின்னேன். அதே கிலாங்தான் எனக்கும், அந்த ஃபேக்டரிதான். அடுத்த மாசம் அவன் போனான்."

"அப்ப ஜனவரி, பிப்ரவரிக்கு ஏன் இல்ல?"

புஷ்பவள்ளி குக்கர் மேலிருந்த பூவைச் சரிசெய்தார். "புதுசுல கொஞ்சம் தூங்கிட்டான்."

தனேஷின் அறை ஜன்னல் முழுக்க நாளிதழ் ஒட்டி இருட்டாக இருந்தது. பகலில் தூங்குகிறவனுக்கு அது வேண்டும். குணவதி குனிந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"மெத்தை எப்ப வாங்கினது?"

"தீபாவளிக்கு. அவன் போனஸ்ல."

நாங்கள் லிஃப்டில் இறங்கும்போதுதான் குணவதி வாய் திறந்தார். "ஆறு மாசமா ஒரு ஆம்பள படுக்கற மெத்தை. நடுவுல ஒரு பள்ளம் வேணாமா? கடைல இருந்து வந்த மாதிரி விறைப்பா இருக்கு. அவன் தூங்கறதே இல்ல."

"பையன் பஞ்சு மாதிரி இலேசாக இருப்பானோ?"

"எண்பது கிலோ. படத்துல பாத்தேன்." அவர் மூச்சுச் சூடாக வந்தது. "எங்க லைன்ல மிஷினுக்கே மாசம் ஒரு நாள் நிறுத்தி எண்ணெய் போடுவாங்க. ரெண்டு வாரம் பகல், ரெண்டு வாரம் ராத்திரி, பன்னெண்டு பன்னெண்டு மணிநேரம், பதினாலு மாசமா ஒரு தலைவலிகூட வராத மனுஷன் உண்டா? அது சர்ட்டிபிகேட் இல்ல தம்பியய்யா. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஃப்ரேம் போட்டு மாட்டிருக்காங்க! அத வந்து பாத்து ஃப்ளாட்டே கை தட்டிருக்கு!"

"நானும்தான் தட்டினேன்," என்றேன். அது நகைச்சுவை இல்லை என்பதால் அவர் காதில் விழவில்லை.

"மார்ச்ல ஆரம்பிச்சிருக்கு. கிஷன் எப்ப வெளிய வந்தான்?"

"நவம்பர்."

"எட்டு மாசம் கழிச்சு வெளிய வந்தவன், எட்டு மாசம் முன்னாடி எப்படிப் பழக்கிவிட்டான்? முப்பத்தொரு பேர்ல ஒருத்தருக்குமா விரல் விட்டு எண்ணத் தெரியல?"

லிஃப்ட் நான்காவது மாடியில் தானாக நின்று கதவைத் திறந்தது. யாரும் ஏறவில்லை. அது அடிக்கடி அப்படிச் செய்யும். என் மாடி அது.

*

கிஷன் எங்கள் அலுவலகத்துக்குப் பின்சந்தில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். குணவதியைப் பார்த்ததும் திருகுச்சாவியைக் கீழே வைத்தான்.

"என்னக்கா, மறுபடியும் யூரினா? போன வாரம்தான் குடுத்தேன். இப்ப டீகூடக் குடிக்கல, ஸ்டாக் இல்ல."

"உனக்கு என்னை முந்திக்கொண்டு பகிடி விட யார் அனுமதி தந்தது?" என்றேன்.

"நீங்களா அங்கிள்?" அவன் சிரிப்பு அணைந்தது. "உங்களுக்குத் தெரியும்ல நான் நவம்பர்லதான் வந்தேன்னு. லிஃப்ட்ல மொத மொத பாத்ததே நீங்கதான். 'நல்லா இருக்கீங்களா அங்கிள்'னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க."

"எனக்குக் கழுத்துச் சுளுக்கு."

"நவம்பர் முழுக்கவா?"

"குளிர் அதிகம்," என்றேன். பினாங்கில் அந்த நவம்பரில் பனிகூடப் பெய்தது.

குணவதி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். "தம்பி, தனேஷ் எடுக்கறது உனக்குத் தெரியுமா?"

"பாத்த அன்னிக்கே தெரியும். தாடை ஆடும்கா, ஒண்ணுமில்லாமலேயே மென்னுக்கிட்டே இருப்பான். 'நிறுத்துடா'ன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'டேய், நீ ஜாலிக்கு எடுத்தவன். நான் வேலைக்குப் போறதுக்கு எடுக்கறேன். நானும் நீயும் ஒண்ணா?' அப்படின்னான். எப்படிக்கா பதில் சொல்றது? என் சைடுல போலீஸ் வருது. அவன் சைடுல குக்கர் வருது."

"நீ ஜாலிக்கா எடுத்த?"

கிஷன் துணியால் கையைத் துடைத்தான். எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

"அப்பா செத்தப்புறம் நாலு நாள் நான் வீட்டுக்கே போகலக்கா. ஒருத்தரும் தேடல. அஞ்சாம் நாளு ஒருத்தன் 'சாப்டியாடா'ன்னு கேட்டான். அவன்கிட்டதான் அது இருந்துச்சு. 'சாப்டியா'ன்னு கேட்டவன் கையில நாசி லெமாக் இருந்திருந்தா நான் இன்னிக்கு நாசி லெமாக் பைத்தியமா இருந்திருப்பேன். அவ்ளோதான் கதை."

அவன் குனிந்து திருகுச்சாவியை மறுபடி எடுத்தான்.

"அந்தப் பேப்பர் பாத்தேன்," என்றான். "பதினேழாவது கையெழுத்து எங்க அக்காவோடது."

குணவதியின் கழுத்து நரம்பு புடைத்தது. "திங்கக்கிழமை என்ன நடந்துச்சு?"

"வேலைக்குக் கிளம்பினேன். இவன் வேன்ல இருந்து இறங்கி விழுந்தான். வேன் நிக்கவே இல்ல, போயிடுச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், ஒருத்தரும் வரல. கீழ் வீட்டு அண்ணன் காரைக் கேட்டுத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். அவன் கையில இது இருந்துச்சு. போலீஸ்ல குடுத்தா என்னுதுன்னுவாங்க. அதான் வச்சிருக்கேன்."

கல்லாப்பெட்டிக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. காலி. குணவதி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஜாதிக்காய்," என்றார். "சீனியில ஊறப்போட்ட ஜாதிக்காய்."

"பினாங்கில் அது விற்காத கடை எது?" என்றேன். "பாலிக் புலாவ் முழுக்கத் தேட வேண்டும். என் காருக்கு மலை ஏறத் தெரியாது."

"கடையில விக்கற பாக்கெட்ல பேரு அச்சடிச்சிருக்கும். இது கையால மடிச்சு, மெழுகுவத்தியில வாய ஒட்டினது. மாத்திரையயும் இதுக்குள்ள வச்சுத்தான் குடுத்திருக்காங்க." அவர் எழுந்தார். "கடல் தாண்டிப் பாலத்துல வேன் போறப்போ வாந்தி வராம இருக்க யாரு ஜாதிக்காய் குடுப்பா? இருபத்துமூணு வருஷம் நான் வாங்கித் தின்னிருக்கேன். வேன்காரன்."

*

மதியம் ஒன்றரைக்கு அந்த வேன் பிரதான சாலையோரம் மரநிழலில் நின்றது. ஓட்டுநர் வேலு, அறுபது வயது, ஸ்டியரிங்மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆட்களைத் தூங்கவிடாத தொழிலில் அவன் மட்டும் நன்றாகத் தூங்கினான். கண்ணாடிக்கு மேலே கயிறு கட்டி, ஜாதிக்காய் உறைகள் மாலை மாதிரித் தொங்கின.

குணவதி உள்ளே ஏறி மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

வேலு விழித்தான். "யக்கா, அது ஆள் உள்ள சீட்டு."

"ஆளு ஆஸ்பத்திரியில."

அவன் முகம் மாறியது. வேனைக் கிளப்பப் போனான். சாவியைக் காணோம். அது என் சட்டைப்பையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சத்தியம் செய்தவன் பொய் சொல்லக் கூடாது.

"எனக்கும் ராத்திரி வேலைதான்," என்றார் குணவதி. "கண்ண முழிக்க வைக்கறது ஒண்ணு குடுப்பீங்களாமே."

"யாரு சொல்லி வந்தீங்க?"

"ஏன், சொல்லாம குடுக்க மாட்டீங்களா?"

"யாரும் சொல்லாம எதுவுமே குடுக்க மாட்டேன். என்கிட்ட அப்படி ஒண்ணும் கெடையாது," என்றான் வேலு, இரண்டையும் ஒரே மூச்சில்.

குணவதி என்னைப் பார்த்தார். "தம்பியய்யா, நீங்க ஆபீஸ்காரர், உங்களுக்குத் தெரியாது. ஃபேக்டரி வேன்ல ஒரு வழக்கம். புது ஆள் ஏறணும்னா பழைய ஆள் வாய்ச்சொல் வேணும். 'இது என் தங்கச்சி, ஏத்திக்க.' சீட்டும் அப்படித்தான் கை மாறும். அம்மா இறங்குவா, மக ஏறுவா, அதே சீட்டுல. பணம் குடுத்தாலும் மத்தவங்களுக்குக் கிடைக்காது." பிறகு வேலு பக்கம் திரும்பினார். "சீட்டுக்கே சிபாரிசு கேக்கறவன், மாத்திரைக்குக் கேக்காமலா இருப்ப? தனேஷுக்கு யார் சொன்னா?"

"நான் ஒண்ணும் வியாபாரி இல்லக்கா!" வேலு கத்தினான். "லைன்ல தூங்கிப்போய் மிஷினுக்குள்ள கை விட்டவங்கள நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கேன், ரெண்டு விரல ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டு! ஒருநாள் எம்சி போட்டா அலவன்ஸ் முழுசும் போச்சு. மூணு நாள் போட்டா ஆளே போச்சு. அழுதுக்கிட்டு வந்து கேப்பாங்க. உதவி பண்றேன்."

"திங்கக்கிழமை அவன் விழுந்ததக் கண்ணாடியில பாத்துட்டுத்தானே வண்டிய எடுத்த? அதுவும் உதவியா?"

வேலு கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினான்.

"உங்கள் மேலாளருக்கு இது தெரியுமோ?" என்றேன்.

"அவரு கேக்க மாட்டாரு அங்கிள். கேட்டா தெரிஞ்சிடும்ல."

இந்த ஒரு வாக்கியத்தைச் சட்டம் போட்டு ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் மாட்டலாம்.

"கடைசியா கேக்கறேன்," என்றார் குணவதி. கைப்பேசியை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். அதில் ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. "தனேஷுக்கு யாரு வாய்ச்சொல் குடுத்தா?"

வேலு அந்த இருக்கையை நீண்ட நேரம் பார்த்தான்.

"அவங்க அம்மாதான்," என்றான்.

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. எழுபத்திரண்டு வருஷத்தில் அது மூன்றாவது தடவை.

"புஷ்பாக்கா இருபது வருஷம் இந்த சீட்டுல வந்தவங்க. அவங்களுக்கே ஒரு காலத்துல குடுத்திருக்கேன். போன வருஷம் மார்ச்ல கீழ வந்து சொன்னாங்க. 'வேலு, பையன் தூங்கிடறான்டா. வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. எனக்குக் குடுப்பியே, அந்தச் சிவப்பு, அதக் கொஞ்ச நாளைக்கு அவனுக்குக் குடு. பழகினதும் நிறுத்திடலாம்.' அவங்க சொன்னதாலதான்கா. இல்லாட்டி சின்னப் பையனுக்கு நான் குடுப்பேனா?"

*

பாலாய்க்குப் போகும் வழியில் குணவதி காரின் கதவைக் குத்தினார். கதவு நெளிந்தது. அந்த நெளிவு இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

"காலையிலேயே சொன்னாங்க தம்பியய்யா! 'டாக்டர் ரத்தத்துல மருந்துன்னு மட்டும்தான் சொன்னாரு'ன்னு சொன்ன அதே வாயி, அடுத்த நிமிஷம் 'அந்தச் சிவப்பு மாத்திரை'ங்குது. யாரும் காட்டாத மாத்திரைக்கு நிறம் எப்படித் தெரியும்? அப்பவே கேட்டிருக்கணும். அந்த நேரத்துல நானும் முப்பத்திரெண்டாவது ஆளா கிஷனத்தான் பாத்தேன்."

"உங்களிடமும் அதை நீட்டியிருப்பார்களே, அந்தக் காலத்தில்?"

"நீட்டினாங்க. வாங்கல. நான் யோக்கியம்னு நெனைக்காதீங்க. நான் வீட்ல போய் எட்டு மணிநேரம் செத்த பொணம் மாதிரித் தூங்குவேன், எங்கம்மா கதவ சாத்திட்டு வாசல்ல காவல் இருப்பா. எனக்குத் தூங்க விடற வீடு இருந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்."

நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பாலாய் வாசலில் புஷ்பவள்ளி நின்றிருந்தார். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்திருந்தார்.

"சாட்சி கெடச்சுதா மேடம்?"

"கெடச்சிருச்சுக்கா." குணவதி மிக மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் நான் இரண்டு அடி தள்ளி நிற்பது வழக்கம். "மாத்திரை சிவப்புன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

புஷ்பவள்ளி உறையை இன்னும் இறுக அணைத்தார்.

"வேலுகிட்டப் பேசிட்டுத்தான் வரோம்."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் மெல்லப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"அது... மருந்துதான் மேடம். கண்ணு முழிக்கிற மருந்து. வேன்ல எல்லாப் பொம்பளையும் போட்டோம். நான் ஆறு மாசம் போட்டேன், நிறுத்திட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல. போதைன்னா கிஷன் மாதிரி பசங்க ஃப்ளாட்டுக்குப் பின்னால போடறது. இது வேலைக்குப் போறதுக்கு. ரெண்டும் வேற இல்லியா? வேற இல்லியா மேடம்?"

"தெரியாமலா முப்பத்தொரு கையெழுத்து வாங்கினீங்க?"

"தனேஷோட அப்பன் மாடிப்படிக்குக் கீழ குடிச்சிட்டுப் படுத்துக் கெடப்பான். ஃப்ளாட் பிள்ளைங்க அவன் மேல தாண்டித் தாண்டி ஸ்கூலுக்குப் போகும். தனேஷும் தாண்டித்தான் போனான். பள்ளிக்கூடத்துல இவனத் தூங்குமூஞ்சின்னு கூப்புடுவாங்க. வேலைக்குப் போயும் தூங்கினான்னு லெட்டர் வந்தா... அப்பன் மாதிரின்னு சொல்லிடுவாங்களேன்னு..." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மொத சர்ட்டிபிகேட் கொண்டாந்தப்போ அவன் முகத்தப் பாக்கணுமே! 'ம்மா, நான் தூங்கவே இல்லம்மா'ன்னான். நான் கோயில்ல அர்ச்சனை பண்ணேன் மேடம். அதுக்குப்போய் அர்ச்சனை பண்ணேன்."

குணவதி வெடித்தார். அந்தச் சத்தத்தில் காவலர் ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஒரு பையன் தூக்கம் வருதுன்னு சொன்னான்! அவ்ளோதான் அவன் பண்ண குத்தம்! தூங்குடான்னு சொல்ல ஒரு நாதி இல்ல. ஃபேக்டரிக்கு வருகை வேணும், உங்களுக்கு ஃப்ரேம் வேணும், ஃப்ளாட்டுக்குக் கை தட்ட ஒருத்தன் வேணும், காறித்துப்ப இன்னொருத்தன் வேணும். துப்பறதுக்கு வச்சிருந்த அதே பையன்தான் ஓடி வந்து தூக்கினான். அவனயும் உள்ள தள்ளிட்டா யாரு மிச்சம்? அடுத்த பையன் விழுந்தா யாரு தூக்குவா, அந்த முப்பத்தொரு கையெழுத்தா?"

புஷ்பவள்ளி உறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். நாலாக, எட்டாக. அந்த அழகான எழுத்து துண்டு துண்டாக வடிகாலில் போயிற்று. பிறகு எழுந்து, தானாகவே பாலாய்க்குள் போய், வேலுவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் சொன்னார். குணவதி கைப்பேசிப் பதிவை மேசைமேல் வைத்தார்.

அதன்பின் எல்லோரும் என் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் பட்டறையில் நிறுத்தி கிஷனையும் ஏற்றினோம். புஷ்பவள்ளி அவன் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஜெலுத்தோங்கிலிருந்து அத்தனை சிவப்பு விளக்குகளும் எங்களுக்காகப் பச்சையாயின.

வார்டில், ஆறு மணி சுமாருக்கு, தனேஷின் இமை அசைந்தது. கண் திறந்தான். அம்மாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடிகாரத்தைத் தேடினான். எழுந்திருக்க முயன்றபோது குழாய்கள் இழுத்தன.

"வேன் போயிடுச்சா?" என்றான்.

அதுதான் அவனுடைய முதல் வார்த்தை. புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். குணவதி கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் அது வளைந்தது.

கிஷன்தான் குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தான்.

"போயிடுச்சுடா," என்றான். "தூங்கு."

தேதி, மணி விஷயத்தில் நான் தவறுவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். காகிதம் கிழிந்த நாளை மட்டும் பிப்ரவரி முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே எட்டாம் தேதி மாலை நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷத்துக்குக் கிஷன்மீது பதிவான புகாரில், புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.